மைனஸ் இருபத்தெட்டு

குழாய் வெடித்தது நான் வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள்.
நிலவறையில் முழங்கால் வரை தண்ணீர்.
கடல் இல்லை. கடல் ஜன்னலுக்கு வெளியே
தன் பாட்டுக்கு இருட்டாகக் கிடந்தது.
இது வெந்நீர்,
மலைக்கடியிலிருந்து வருவது,
அழுகிய முட்டை வாசம்.

தலைக்கு மேல் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
அலமாரிக்கு அது பொருந்தாது.
ஒரு சாண் மேலே இருந்தவை பிழைத்தன.

படகுக் கணக்குகள், மூன்று அகராதிகள்,
யாரோ ஒரு பாதிரியார் கோபன்ஹேகனிலிருந்து வரவழைத்த
தாவரப் படங்கள்,
எல்லாம் ரொட்டி போல ஊதிக்கொண்டிருந்தன.
மறைப்பானேன்,
ஹீட்டரைப் போட்டு ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
நாலாவது பக்கம் கையோடு வந்தது.

அடுத்த ஃப்யோர்டில் தோர்தீஸை அழைத்தேன்.
ஒரே ஒருமுறை, ஒரு பயிலரங்கின் காபி வரிசையில்
பேசியிருக்கிறோம்.
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
மணி இரண்டேகால்.
"பிரிக்காதே" என்றாள். முதல் சொல்லே அதுதான்.
"ஹீட்டரை அணை.
உங்கள் ஊரில் மீன் ஆலை உண்டா?"

இரவு மேஸ்திரி குட்பிராந்துர்
கதவைத் திறந்ததும் கேட்டது:
"எத்தனை கிலோ?"
தெரியவில்லை. நாங்கள் எடை போடுவதில்லை.
அவர் போட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது.
சீட்டில் 'இனம்' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து
'மற்றவை' என்று எழுதினார்.

ஒரு வரிசை காட் மீன், ஒரு வரிசை அகராதி.
போலந்துக்காரி போஷேனா
ஷிப்ட் முடிந்தும் போகாமல்
ஈரப் புத்தகங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்,
தலையும் வாலும் பார்த்து, பழக்கதோஷம்.
நாலரைக்குச் சுரங்கச் சாலை வழியே
தோர்தீஸின் கார் வந்தது,
பின் சீட்டு முழுக்க ஒற்றுத்தாள்,
பைஜாமா மேல் கோட்டு.

குளிரில் எழுத்து அசையாமல் நின்றது.
மைனஸ் இருபத்தெட்டில்
எதுவும் இன்னும் கெட்டுப்போவதில்லை,
நான் உட்பட.

ஏப்ரலில், பத்துப் பத்தாய் வெளியே எடுத்து
உலர்த்திக்கொண்டிருந்தபோதுதான் கேட்டாள்:
"அன்று எப்படி நடந்தது?"
வால்வைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்,
பார்க்கவில்லை என்றேன்.
அவள் விசிறியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.
"எனக்கு ஹேர் டிரையர்" என்றாள்.
"முதல் வருஷம். நாற்பத்தாறு புத்தகம்,
ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.
அன்று கூப்பிட எனக்கு ஆள் தெரியாது."

பிறகு கொஞ்ச நேரம் விசிறி மட்டும்.

தாவரப் படங்களை மூக்கருகே கொண்டுபோனேன்.
"மீன் வாசம் போகுமா?"
"போகாது" என்றாள்,
அடுத்த பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு.