அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்

மான்குட்டியின் காதில் தொங்க
ஒரு வில்லை. நாலு கிராம்.
அது சொல்ல வேண்டியது ஒரே சொல்:
இருக்கிறேன்.

இதற்காக ப்ளூடூத் நூலகத்தின் முன்வாசலில் போய் நின்றால்
ஜோடி சேர்க்கும் சடங்கு, சாவி மாற்றும் சடங்கு,
பாட்டின் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு பகுதி,
யாரோ ஒருவருடைய இதயத்துடிப்பை எண்ண இன்னொன்று
என்று ஊர்வலமே கூட வருகிறது.
இருநூற்றுப் பதினான்கு கிலோபைட்.
என் சில்லில் இருக்கும் இடம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
துருவமானுக்கு எதற்குப் பாட்டு?

ஓவுலு நகரத்தில் நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்கு போட்டாகிவிட்டது.
ஹெய்மோ தன் பங்குக் காபியையும் எனக்கே ஊற்றிவிட்டு
வீட்டுக்குப் போனான்.
நான் கொல்லைப்புறமாக நுழைந்தேன்.

புறம் என்று ஒரு கோப்புறை.
அதற்குள்ளே அகம்.
அகத்தில் பெயரை வெளிப்படச் சொல்லும் வழக்கமில்லை போலும்:
அங்கிருந்த சார்புகள் எல்லாம்
அடிக்கோட்டில் தொடங்கி
முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தன.
நிலைப்படியில் ஒரு குறிப்பு:
"இது உங்களுக்கல்ல. சொல்லாமல் மாறும். எஸ்.எல்."
யார் இந்த எஸ்.எல்.?
எந்த இரவில் அலுத்துப்போய் எழுதினார்?

ஆறாவது கோப்பில் கிடைத்தது.
வானொலியை நேரே தொடுகிற சார்பு. பன்னிரண்டு வரி.
முப்பத்தொரு பைட் கொடு,
மூன்று அலைவரிசையில் கூவிவிட்டுத் தூங்கிவிடுகிறேன்
என்கிறது.
பதில் கேட்பதில்லை. கை குலுக்குவதில்லை.

அதை மட்டும் அழைத்தேன்.
அறுபத்தொரு கிலோபைட்!
பொத்தான் பேட்டரி மூன்று குளிர்காலம் தாங்கும் என்று
பழைய ரசீதின் முதுகில் கணக்குப் போட்டு
யாரும் இல்லாத அறையில் கை தட்டிக்கொண்டேன்.
ஜன்னலோரம் வைத்தேன், கூவியது.
உறைபெட்டியில் பட்டாணிக்கு அடியில் வைத்தேன்,
கூவியது.

டிசம்பரில், இனாரிக்கு வடக்கே, வேலிக்குள்
முந்நூற்று நாற்பது மான்கள் வட்டமாக ஓடின.
மைனஸ் இருபத்தெட்டில் அவற்றின் மூச்சே ஒரு மேகம்.
நீல்லாஸ் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தார்.
எழுபது எண்கள்.
அப்புறம் எழுபத்திரண்டு. அப்புறம் அறுபத்தொன்பது.
தனியே நின்றால் பேசுகிற வில்லை
கூட்டத்தில் ஊமையாகியிருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
போனை என்னிடம் தந்துவிட்டுக்
கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

ஊமை இல்லை.
எல்லாவற்றையும் ஒரே காந்தத்தால் ஒரே நொடியில் எழுப்பியவள் நான்.
ஒரே தொகுதிப் படிகம், ஒரே குளிர், ஒரே தாளம்.
எல்லோரும் ஒன்றாக இருக்கிறேன் என்றால்
காற்றில் ஒருவரும் இல்லை.

வேனுக்குள், ஹீட்டர் இரைச்சலில், மறுபடி திறந்தேன்.
கொழுப்பு என்று நான் வழித்தெறிந்த மேலடுக்கில்
நாலு வரி இருந்தது:
கூவுமுன் கொஞ்சம் பொறு,
எவ்வளவு என்று பகடை உருட்டிப் பார்,
பத்து மில்லிநொடியைத் தாண்டாதே.
அவ்வளவுதான். ஒரு தயக்கம்.
பக்கத்து இலைக்காரர் வாய் திறக்கிறாரா என்று
பந்தியில் ஒரு கணம் பார்ப்போமே,
அந்த அளவு.

காற்றுவழி திருத்தும் பகுதியையும்
எடை என்று நீக்கியிருந்தேன்.
ஆகவே முந்நூற்று நாற்பது காதுகள்,
ஒவ்வொன்றாக, கம்பி செருகி.
நீல்லாஸின் தங்கை பிடித்தாள்; நான் செருகினேன்.
முதல் நாளே என் விலாவில் ஒரு குளம்பின் அச்சு.
மூன்றாம் நாள் இரவு
எஸ்.எல்.லின் குறிப்புக்குக் கீழே என் பிரதியில் எழுதிவைத்தேன்:
"நுழைந்துவிட்டேன். நாலு வரி கடன்."

காலையில் எண்கள் மளமளவென்று ஏறி
முந்நூற்று முப்பத்தொன்பதில் நின்றன.
நூற்றுப் பதினெட்டு இல்லை.
நிரலைத் திறக்கப் போனேன்.
நீல்லாஸ் திரையைப் பார்க்காமல்
தாடையால் காட்டினார்:
பிர்ச் மரத்தடியில், கிழிந்த காதோடு,
வில்லையை எங்கோ பனியில் உதிர்த்துவிட்டு,
பாசியை மென்றபடி
இருந்தது.