கைமாத்து

செவ்வாய்க்கிழமை ஒரு சொல்லால் கெட்டது.
லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றம், மூன்றாம் அறை.
சாட்சிக் கூண்டில் கோகிலவாணி
"கைமாத்தாத்தான் குடுத்தேங்க" என்றார்.
மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார்.
ஹுத்தாங் என்றேன். கடன்.
சொன்னதுமே தெரிந்துவிட்டது, தப்பு.
கடனுக்கு வட்டி உண்டு, தாள் உண்டு, கையெழுத்து உண்டு.
கைமாத்துக்கு
முகம் மட்டும்தான்.

இதற்கொரு நல்ல சொல்லை எப்போதோ குறித்துவைத்திருக்கிறேன்.
அது ரெலாவில், பதினான்காம் மாடியில்,
செருப்பு அலமாரிக்கு மேல்
திரை உடைந்த மடிக்கணினிக்குள் கிடக்கிறது,
பத்தொன்பது வருடத்துச் சொற்களோடு.
இரவும் பகலும் ஓடுகிறது; அதன் விசிறி இருமுகிறது.
வீட்டில் எந்த அறையிலிருந்தும் திறக்கலாம்.
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி
நீதிமன்றத்திலிருந்து முடியாது.

ரௌட்டர் விடாது.

அதன் வேலையைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.
உள்ளே இருப்பவர் கேட்பதை
வெளியே போய்த் தன் பெயரில் கேட்குமாம்.
பதில் வந்தால், யார் கேட்டது என்று பார்த்துக் கொடுக்குமாம்.
முகவரிகளை மொழிபெயர்க்கிறதாம்.
நானும் அதைத்தான் செய்கிறேன், அரசுச் சம்பளத்துக்கு.
"நான் அவனை அடிக்கவில்லை, துவான்" என்று
எத்தனை பேருக்காகச் சொல்லியிருக்கிறேன்,
யாரையும் அடித்திராத நான்.

கேட்காத கேள்விக்கு வெளியிலிருந்து பதில் வந்தால்
கீழே போட்டுவிடும். நியாயம்தான்.
ஆகவே முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்:
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு என்று
யாராவது வந்து நின்றால்
செருப்பு அலமாரிக்கு அனுப்பு.

சொன்னேன். சேமித்தேன். திறக்கவில்லை.

இணைய நிறுவனத்துப் பையன் பொறுமைசாலி.
"வெளியே தெரியற முகவரி உங்களோடது இல்லக்கா.
உங்க புளோக்ல பாதிப் பேருக்கு அதே முகவரிதான்."
தனி முகவரிக்கு மாதம் பத்து ரிங்கிட். கொடுத்தேன்.
அதுவும் மின்சாரம் போய் வந்தால் மாறிவிடுமாம்;
மாறுகிற முகவரிக்கு
மாறாத பெயரொன்றை இலவசமாக வாங்கிக் கட்டினேன்.

சோபாவில் உட்கார்ந்தபடி வெளிவாசலைத் தட்டினேன். ம்ஹூம்.
உள்ளே இருக்கிற ஆள் வெளியாள் மாதிரி வந்தால்
இந்த ரௌட்டருக்குக் குழப்பம்.
இரவு பதினொன்றரைக்கு, நைட்டிமேல் ஒரு துண்டோடு
கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி,
வைஃபையை அணைத்து, தூறலில் நின்று
என் வீட்டை நானே தட்டினேன்.
காவலாளி தாப்பா குடையோடு வந்தார்.
சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.
இல்லை, கதவு வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்றேன்.
பதினான்காம் மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திறந்தது.

காலையில் பதிவேட்டைப் பார்த்தால்
நானூறு பேர் தட்டியிருக்கிறார்கள்,
அட்மின், ரூட், டெஸ்ட் என்று
வாயில் வந்த பெயரையெல்லாம் சொல்லி.
ஒருவன் மட்டும் விடியும்வரை
மரியா, மரியா என்றே கேட்டிருக்கிறான்.
கடவுச்சொல்லை எடுத்துவிட்டுச் சாவிக்கோப்பு வைத்தேன்.
மரியா, நீ யாராக இருந்தாலும்
பத்திரமாக இரு.

வியாழன், தொடர் விசாரணை.
பத்து நிமிட இடைவேளையில், நடைக்கூடத்தின் ஓரத்தில்,
கைப்பேசியில் பெயர், எண், சாவி.
ஆளில்லாத வீட்டில் விசிறி ஒருமுறை இருமியிருக்கும்.
கோப்பு. க. கை.
கைமாத்து.
எதிரே, ஏழு வருடத்துக்கு முந்தைய தேதியில்
நானே தட்டியது:
"சரியான சொல் இல்லை. பிறகு பார்க்கலாம்."

உள்ளே போனேன்.
கோகிலவாணி மறுபடியும் அதையே சொன்னார்.
"கைமாத்தாகத்தான் கொடுத்தேன், துவான்" என்றேன்,
மற்றதெல்லாம் மலாயில்,
அந்த ஒன்றை மட்டும் அப்படியே.
குறிப்பெழுதுபவர் தலை தூக்கி
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
சொன்னேன், ஒவ்வொன்றாக:
கே, ஏ, ஐ,