பத்து நிமிட ஓய்வில் கோள்கள்

மகளின் விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து
போட்டோப் பிரதி எடுத்த ஒற்றைத் தாள்.
எட்டு வரிசை, ஏழு நிரல்.
நான்காய் மடித்துக் கவசத்துக்குள் வைத்திருக்கிறேன்.
வியர்வையில் யுரேனசின் விட்டம் அழிந்துபோயிற்று.

அம்பகாமத்தில்
ஐம்பது நிமிடம் முழந்தாளில் நின்றால்
பத்து நிமிடம் நிழல்.
பாலை மரத்தடியில் முகக்கவசத்தைக் கழற்றி
நான் வாசிப்பேன்,
பிறேமளா தண்ணீர் குடிப்பாள்.

"புதனில எங்களுக்கு வேலை ஓடாது.
உடம்பில பெரும்பங்கு இரும்பு.
டிடெக்டரைக் கீழ வைச்ச உடன கத்தும்.
எண்பத்தெட்டு நாளில வருசம் முடிஞ்சிடும்,
ஆனா ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவில
ரெண்டு வருசம்."

"அப்ப சம்பளம் நாளுக்கோ, வருசத்துக்கோ?"

வெள்ளி எங்கள் பூமியின் அளவுதான்,
கூடப் பிறந்தது போல.
ஆனால் ஈயம் உருகும் சூடு, சூரியன் மேற்கில் உதிக்கும்.
எதிர்ப்பக்கமாய்ச் சுழலும் அதைப் பார்த்துத்தான்
நாலு மணிக்கு எழும்பி
லொறி பிடிக்க ஓடிவருகிறோம்.

செவ்வாய் வந்ததும்
பிறேமளா தாளைப் பறித்துவிட்டாள்.
மூன்று கலியாணம் குழப்பிய கிரகம் அவளுக்கு.
விரலால் நிரலைத் தடவித் தடவி வாசித்தாள்:
குறுக்களவில் பூமியின் பாதி.
திணிவில் பத்தில் ஒன்று.
"இவ்வளவுதானோ?" என்றாள்.
பிறகும் ஒருமுறை, "இவ்வளவுதானோடி?"
காட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து
நான் கேட்டதில்லை.

அங்கேயும் துருப்பிடித்த மண்தான், சிவப்பு.
இங்கே ஒரு சத்தத்துக்குக் கீழே
மீன் ரின் மூடி இருக்கும்,
வெற்று ரவைக்கோது இருக்கும்,
மற்றதும் இருக்கும்.
மூன்றையும் ஒரே பொறுமையோடுதான்
பக்கவாட்டில் இருந்து சுரண்ட வேண்டும்.

வியாழனில் நிலமே இல்லை.
வாயுவுக்குள் வாயு, அதற்குள்ளும் வாயு.
புதைக்க ஒருவனாலும் முடியாது.
அதைக் கடந்து போகிறேன்.

சனி தண்ணீரை விட லேசு.
இரணைமடுவில் போட்டால் மிதக்கும் என்று மகள் சொன்னாள்,
குளம் காணாது, அதுதான் பிரச்சினையாம்.
சூரியனை ஒருதரம் சுற்ற
அதற்கு இருபத்தொன்பதரை வருசம்.
முப்பது வருசம் வாழ்ந்தவருமில்லை, தாழ்ந்தவருமில்லை
என்ற கணக்கு அங்கேயிருந்துதான் வந்திருக்கும்.
எங்களுடைய சண்டை
அது ஒரு வட்டம் முடிக்குமுன்னே முடிந்தது.
கிண்டுகிற வேலை
அடுத்த வட்டத்துக்குள் முடியுமா, தெரியாது.
நெப்டியூனுக்கு நூற்றறுபத்தைந்து.
அதை நான் யோசிப்பதில்லை.

ஈர்ப்பு நிரலில்தான் எனக்குக் கூடுதல் விருப்பம்.
கவசத்தோடு நான் ஐம்பத்திரண்டு கிலோ.
வியாழனில் நூற்றிமுப்பத்தொன்று, எழும்பவே மாட்டேன்.
புதனிலும் செவ்வாயிலும்
இருபதுக்குக் கொஞ்சம் குறைய, இரண்டிலும் ஒன்றே:
சின்னது இரும்பால் ஈடு கட்டிக்கொள்கிறது.
இருபது போதாது.
மண்ணுக்குள் இருப்பது
அதற்கும் குறைந்த பாரத்துக்கே விழித்துக்கொள்ளும்.

தாளின் அடியில், கட்டத்துக்கு வெளியே,
மகள் பென்சிலால் ஒரு வரிசை சேர்த்திருக்கிறாள்.
புளூட்டோ.
பட்டியலில் வெட்டிவிட்டார்கள், அம்மா,
ஆனா அது இன்னும் சுத்திக்கொண்டுதான் இருக்கு.
அங்கே நான் மூன்றேகால் கிலோ.

மூன்றேகால் கிலோ ஒரு பிள்ளை பிறக்கும் எடை.
அவள் பிறந்தது இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை,
தறப்பாளுக்குக் கீழே.
தராசு இல்லை.
பிறகு முகாமில் தந்த அட்டையில்
திகதி இருக்கிறது, என் பெயர் இருக்கிறது,
பிறப்பு நிறை என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

எவ்வளவு இருந்திருப்பாள்?
கையில் ஏந்தினபோது
பாரமே தெரியவில்லை.
ஓடிக்கொண்டிருந்தேன்.

விசில்.
பிறேமளா தாளை மடித்துத் தருகிறாள்,
செவ்வாய் வெளியே தெரியும்படி.
முகக்கவசம். கையுறை.
சிவப்புத் தடிக்கு இந்தப்பக்கம் முழந்தாள்.
பூமி,
ஒரு மீற்றர் அகலம்.