நாம், நாங்கள்

சூளைமேட்டில் ஜெராக்ஸ் கடை மாடி.
ஞாயிறு மாலை, ஒரே ஃபேன், ஆறு பேர்.
தூதரைக் கொன்றது யாரென்று
நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம் பெனடிக்டாவுக்கு.
ஷரத்துகளைப் படிக்காமல் தள்ளினேன் என்றார் தில்ஷாத் பாய்.
மகன் விசாவுக்கு மவுண்ட் ரோட்டில் கால்கடுக்க நின்றவர்,
"வேற்றுக்கிரகத்திலுமா க்யூ?"

ஹைகோர்ட்டில் மொழிபெயர்க்கும் குமுதவல்லிதான்
கொலைக்கருவியைச் சொன்னாள்:
'நாம்' என்றிருக்க வேண்டிய இடத்தில்
'நாங்கள்' என்று விழுந்த ஒரு சொல்.
கத்தி அப்புறம்தான் வந்தது.

எனக்கு நாவல் பிடித்திருந்தது.
சொல்ல வாயெடுப்பதற்குள்
மழை.
நாற்காலிகள் நகர்ந்தன.
கீழே ஷேர் ஆட்டோவில் ஐந்து இடம்.

"நாங்க கிளம்புறோம்" என்றாள் குமுதவல்லி,
துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டு.

பிழையில்லை.