இரவல் மூக்கு

முதலில் யன்னலைத் திறந்தவர்
ஏறாவூருக்குப் போன கல்யாணத் தரகர்.
ஏசி போட்டிருந்தது.
காற்று வேணுமா ஐயா என்றேன்.
வேணும் என்றார்,
வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்தது காத்தான்குடி மிஸ்ரியா டீச்சர்,
கல்விக் கந்தோருக்கு.
முக்காட்டுத் தலைப்பை மூக்கில் பொத்தியபடி
கல்லடிப் பாலம் முழுக்கக் கடந்தார்.
பிறகு ஒரு பிள்ளை. நாலு வயது இருக்கும்.
அதற்கு மரியாதை தெரியாது:
"மாமா, உங்கட கார் நாறுது."

எனக்கு மணம் போய் இரண்டு வருஷம்.
காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது,
போகும்போது மூக்கையும் கொண்டுபோனது.
கலாமதி கருவாடு பொரித்தால்
புகை வந்து கண்ணில் முட்டும்,
அவ்வளவுதான்.

தேசிக்காய்ப் படம் போட்ட வாசப்போத்தல் ஒன்றைக்
கண்ணாடியில் தொங்கவிட்டேன்.
ஏறிய பெடியன் சொன்னான்:
"அண்ணே, உள்ளுக்க ஒரு தேசிமரம்
செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு."

மூக்கு இரவல் கேட்டுத் திரிந்தேன்.
கலாமதி முன்சீற்றில் அரை நிமிஷம் இருந்தாள்.
"பழந்தயிர்."
சித்திரைக்கு ஏற்றிய சட்டியில் ஒன்று
சந்திவெளி வளைவில் உடைந்தது உண்மை.
மச்சான் தலையை மட்டும் நீட்டி
"எலி" என்றான்.
பக்கத்து வீட்டுப் பெடிச்சிக்கு அது
நனைந்த நாய்.
இறால் பெட்டியோடு கிழமைக்கு இருமுறை ஏறும்
செபமாலையைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.
அந்த மனிசன் சத்தியம் பண்ணினார்:
"மீனெண்டா எனக்குத் தெரியாதா தம்பி?
இது மீனில்ல."

நாலு மூக்கு, நாலு பிணம்.

ஞாயிற்றுக்கிழமை
பதினாலாம் நம்பர்ச் சாவியால்
சீற்றெல்லாம் கழற்றி முற்றத்தில் வைத்தேன்.
கச்சான் கோது, தலைக்குத்தி,
யாரோ தேடித் தேடி அழுதிருக்கக்கூடிய
ஒற்றைத் தோடு.
தயிர் கொட்டிய இடம்
சோக்கட்டி போலக் காய்ந்திருந்தது.
எலியுமில்லை, எலிப்புழுக்கையுமில்லை.
மூக்கில்லாதவன் என்ன செய்வான்?
கையை வைத்தேன்.
அங்குலம் அங்குலமாக,
காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையாலும்.

இடதுபக்கம், கால் வைக்கிற இடம்.
குளிர்ந்தது.
அமத்தினேன், விரலிடுக்கால் தண்ணீர் ஏறியது.

ஆறு கிழமையாய்ச் சொட்டு மழையில்லை.
கச்சான் காற்றில் புல்லெல்லாம் கருகி
வாவிக்கரை வெடித்துக் கிடக்கிறது.
என் காருக்குள் மட்டும்
ஒரு மாரி ஒளிந்திருந்தது.

ஹில்மி வந்து காருக்குக் கீழே படுத்தான்.
ஏசித் தண்ணீர் இறங்குகிற குழாய்க்குள்
சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தினான்.
குளவிக்கூட்டு மண் பொத்தென்று விழுந்தது,
பின்னால் தண்ணீர், அவன் முகத்திலேயே.
துப்பிவிட்டுச் சொன்னான்:
"வெளியால போக விடாட்டி
அது உள்ளுக்கதான் அழும் நானா."

கார்ப்பெட்டை உரித்தோம்.
அடியில் பஞ்சு கறுத்து, பூஞ்சணம் பிடித்து,
கலாமதி ஓடிப்போய்க் கிணற்றடியில் ஓங்காளித்தாள்.
நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு
சும்மா நின்றேன்.
அன்றைக்கு ஒருநாள் என் குறை உதவியது.

பஞ்சை எரித்தேன். கார்ப்பெட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து
இரண்டு தென்னைக்கு நடுவே
மூன்று நாள் வெயிலில் விட்டேன்.
தகரத் தரையில் அப்பச்சோடா தூவித் துடைத்தேன்.
ஏசிக்குப் புது வடிகட்டி.
பழைய காலுறையில் சிரட்டைக்கரி நிரப்பிச்
சீற்றுகளுக்குக் கீழே.
வாசப்போத்தல் குப்பைக்கு.

இப்போது காலையில் சாவி போடுமுன்
குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை
அந்த இடத்தை மோந்து பார்க்கிறேன்.

போன புதன் டீச்சர் ஏறினார்.
பாலம் வந்தது. கண்ணாடியில்
ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன்.
முக்காடு அசையவில்லை.
பாதிப் பாலத்தில் மூக்கைச் சுருக்கினார்.
"என்ன மணம் இது?"
கால் பிரேக்கைத் தேடியது.

"கூனிச் சம்பலா? உங்கட சாப்பாடா?
நல்ல மணம்."

மத்தியானம் கந்தோர் மதில் நிழலில்
பார்சலை விரித்து
அவர் சொன்னதை நம்பிச் சாப்பிட்டேன்.