ஒன்பது என்றால் தெரியவில்லை

ஆண் என்றால் ஒன்று.
பெண் என்றால் இரண்டு.
தெரியவில்லை என்றால் ஒன்பது.
மூன்றிலிருந்து எட்டுவரை என்ன ஆயிற்று என்று
முதல் நாளே கேட்டேன்.
"இடம் விட்டு வைத்திருக்கிறோம்" என்றார்
பேராசிரியர் எச்செவெரி,
சிரிக்காமல்.

மொந்தெவிதேயோவில் ஜூலை மாதக் குளிர்.
பல்கலைக்கழகத்தின் அடித்தள அறையில்
இரண்டு தொலைக்காட்சிகள், நடுவே ஓர் அட்டைத் தடுப்பு.
இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் வில்மார்.
பேசக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது.
தனித்தனியே பார்க்கும் இருவர்
ஒன்றையே கண்டால்தான்
அது கண்டதாகும்.

பழைய வீடியோ நாடாக்கள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு விளம்பரங்கள்.
மணிக்கு இவ்வளவு என்று கூலி.
யார் வருகிறார், எங்கே நிற்கிறார்,
வாய் திறக்கிறாரா,
திறந்தால் விளக்குகிறாரா வியக்கிறாரா,
பொருளைப் பிடிக்கிறாரா, இயக்குகிறாரா,
வெறுமனே தடவிக்கொடுக்கிறாரா.
தடவலுக்கும் ஒரு கட்டம் உண்டு, பதினான்காவது.

மூன்றாம் நாளுக்குள் பழகிவிட்டது.
குளிர்பதனப் பெட்டியைத் தடவும் விரல்கள்
அதற்குள் இருப்பதைத் தின்பதில்லை.
காரின்மேல் சாய்ந்தவளிடம்
யாரும் சாவி தருவதில்லை.
சலவைத்தூள் பற்றி எல்லாம் அறிந்தவர்
கடைசி நான்கு நொடியில் வரும் ஒரு கனத்த குரல்.
அவருக்கு முகம் கிடையாது,
துவைக்கத் துணியும் கிடையாது.
ஒன்று என்று எழுதினேன்.
ஒன்று. ஒன்று. ஒன்று.
பென்சில் மழுங்கியது.

அறுபது முடிந்ததும்
எங்கள் தாள்களை அருகருகே வைத்தார்கள்.
இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதற்கு
ஓர் எண் இருக்கிறது:
பூஜ்ஜியம் புள்ளி ஆறு ஒன்று.
எட்டைத் தொட்டால்தான் ஆய்வு,
இல்லையென்றால் வெறும் அபிப்பிராயம்.
எங்கே பிரிகிறோம் என்று தேடிக்கொண்டே போய்
நாற்பத்தேழாவதில் நின்றார்கள்.

ஒரு கை.
நுரைக்குள் ஒரு கை, ஒரு தட்டு, பிறகு ஓர் எலுமிச்சை.
நகப்பூச்சு இல்லை. வளையல் இல்லை. சட்டைக் கை இல்லை.
நான்: இரண்டு.
வில்மார்: ஒன்பது.

"பெண் என்று எப்படித் தெரிந்தது?"
கேட்ட குரலில் குற்றம்சாட்டல் ஏதும் இல்லை.
நாடாவைப் பின்னோக்கி ஓட்டினார்.
நுரை தட்டைவிட்டு எழுந்து விரல்களுக்குத் திரும்பியது.
நிறுத்தினார். பிம்பம் நடுங்கியது.
மோதிரம் தேடினேன்.
மணிக்கட்டின் பருமன் தேடினேன்.
"தண்ணீருக்குள் இருந்ததே" என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
என் காதில் விழுந்தது.

எண்ண வந்தவள்.
இத்தனை நாளும் அந்தப் பெட்டி
என்னையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது.

அன்று மாலை விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது:
'செய்யும் வேலையை வைத்து
ஆண், பெண் என்று முடிவுசெய்யக் கூடாது.'
அறுபதையும் முதலிலிருந்து பார்த்தோம்.
பூஜ்ஜியம் புள்ளி எட்டு மூன்று.
எச்செவெரி பிஸ்கட் வாங்கி வந்தார்.
வில்மாரின் தோளில் தட்டி
"கூர்மையான கண்" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில்
கடல்போல் அகன்ற ஆற்றின் காற்று
மப்ளரைப் பிடித்து இழுக்க,
வில்மார் சொன்னான்:
"முதல் தடவை அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை, நெலிடா.
மாத்தேக்கு வெந்நீர் பிடிக்கத் திரும்பியிருந்தேன்.
நிமிர்ந்தபோது எலுமிச்சைதான் இருந்தது.
ஒன்பது போட்டேன்."

"இரண்டாம் தடவை?"

"பார்த்தேன்.
பெண் மாதிரிதான் இருந்தது.
ஒன்பது போட்டேன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை,
பக்கத்தில் நின்றவர் எங்களைவிட்டுத் தள்ளி நின்றார்.
பேராசிரியரிடம் சொல்வதா வேண்டாமா என்று
பேசி முடிப்பதற்குள் என் பேருந்து வந்தது.

ஓட்டுநர் காதுவரை கம்பளிக் குல்லாய்,
மூக்குவரை துணி.
ஒன்று என்று நினைத்தேன்.
உடனே அழித்தேன்.
சில்லறை நீட்டிய கையைப் பார்த்தேன்,
கையுறைக்குள் இருந்தது.

இன்னும் இருநூற்று ஐம்பத்திரண்டு.