அறை 614-இன் கருத்துத்தாள்

ஃபுஜைராவில், கடலைப் பார்த்த ஹோட்டலில்
விருந்தினர் எழுதிப்போகும் தாள்களைக்
கணினியில் ஏற்றுவது என் வேலை.
பாராட்டுக்கு ஒரு கட்டம், புகாருக்கு ஒரு கட்டம்.
மூன்றாவது கிடையாது.

614-இல் தங்கியவர்
காலைச் சாப்பாட்டுக்கு நேரே
ஒற்றைச் சொல் எழுதியிருந்தார்:
ஃபர்கெட்டபிள்.

திட்டா இது?
பக்கத்து மேசை மாரிவிக்கைக் கேட்டேன்.
நகப்பூச்சு காய விரல்களை விரித்துவைத்திருந்தாள்.
"திட்டு இல்லை. மோசமென்றால் ஞாபகம் இருக்குமே.
போன மாதம் ஒருத்தனோடு காபி குடிக்கப் போனேன்.
என்ன சட்டை போட்டிருந்தான்? தெரியாது.
அதுதான்."
சினிமாவுக்குச் சொல்லலாமாம், கால்பந்தாட்டத்துக்குச் சொல்லலாமாம்,
மேனேஜரின் வாராந்தரப் பேச்சுக்கும் சொல்லலாமாம்,
அவர் காதில் விழாமல்.

தமிழில் தேடினேன்.
மறக்க முடியாத என்பது
எத்தனை மலிவு நம்மிடம்!
கல்யாண ஆல்பத்தில், கண்ணீர் அஞ்சலியில்,
ஆண்டுவிழா மேடையில்.
முடிகிறதற்கு ஒரு சொல் வைக்கவில்லை யாரும்.
சுமார் என்பது தட்டு முன்னால் இருக்கும்போது சொல்வது.
பரவாயில்லை என்றால் மன்னித்ததாகிவிடும்.
இதுவோ தட்டு கழுவிக் கவிழ்த்தபின் வருகிற சொல்.
சரி,
மறந்துபோனவர்
எதை நினைத்துக்கொண்டு எழுதினார்?

ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்க் கப்பல்கள்
முறைக்குக் காத்து நின்றன.
நேற்று நின்றவையா, வேறா,
நாலு வருஷமாகப் பார்க்கிறேன், சொல்லத் தெரியாது.
போன மார்ச்சின் செவ்வாய்க்கிழமைகளை
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுப் பார்த்தேன்.
ஒன்றுகூட முகம் காட்டவில்லை.
சம்பளம் ஏறிய நாள் மட்டும்
வங்கியின் குறுஞ்செய்தியில் இருக்கிறது.

ஜக்கரியா அண்ணன் சமையற்கட்டிலிருந்து வந்தார்.
அன்றைக்கு இட்லி சாம்பார் அவர் கை.
"நம்ம சாம்பாரப் பத்தி என்ன போட்ருக்காரு?"
"மறந்துட்டாராம்."
கதவில் சாய்ந்து கொஞ்சம் யோசித்தார்.
"நல்லதாப் போச்சு. மறுக்கா வந்தா
மொதத்தடவ மாதிரி சாப்பிடுவாரு."

பாராட்டில் போடவில்லை, புகாரிலும் இல்லை.
அந்த வாரக் கணக்கில் ஒரு தாள் குறைந்தது.
யாரும் கேட்கவில்லை.

ஆனால் என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்:
அறை 614. நீல மை.
அந்தச் சொல்லின் நடுவே
இரட்டை டி வரவேண்டிய இடத்தில்
ஒன்றுதான் போட்டிருந்தார்.